ரிசல்ட் அக்கா சொன்ன தப்பான ரிசல்ட்

அந்தத் தியேட்டரில் ஒரு படம் தேறுமா தேறாதா என்பது, படத்தை எடுத்தவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஒருத்திக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் அவள் படம் பார்ப்பவள் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அங்கே வேலை. ஒரு படத்தைக்கூட முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தது கிடையாது. ஷோ முடிந்து கூட்டம் வெளியேறியதும் துடைப்பமும் வாளியுமாக உள்ளே போவாள், வரிசை வரிசையாகக் குனிந்து தரையைப் பார்ப்பாள், நிமிர்ந்து ரிசல்ட்டைச் சொல்லிவிடுவாள். அதனால் அவள் பெயரே ரிசல்ட் அக்கா ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை என்று அவளே சொல்வாள். சிரிப்புப் படம் நன்றாக இருந்தால் பாப்கார்ன் முன்சீட்டின் முதுகுவரை தெறித்திருக்கும். பேய்ப் படம் நன்றாக இருந்தால் டப்பாவே கவிழ்ந்திருக்கும். படம் இழுவை என்றால் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழிப்பார்கள், குளிர்பானக் குழாயைக் கடித்துச் சப்பையாக்குவார்கள், சீட்டின் கைப்பிடி உறையைப் பிய்ப்பார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு அக்கா சொல்லும் தீர்ப்பு மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஓடும், தள்ளாடும், அவுட். ஒருமுறை பெரிய ஹீரோ ஒருவரின் படம் வந்தது. வாசலில் தள்ளுமுள்ளு, கதவுக் கண்ணாடி ஒன்று போயே போய்விட்டது. முதல் ஷோ முடிந்ததும் அக்கா குனிந்து பார்த்தாள், "அவுட்" என்றாள். அப்போதிருந்த மேனேஜர், "வாயைக் கழுவுங்க முதல்ல" என்றார். அடுத்த வாரம் அதே ஹாலில் அக்காவும் ஏசியும் மட்டும்தான் இருந்தார்கள்.

சொன்ன சொல்லை அவள் திரும்ப வாங்கியதே இல்லை. வாங்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இருபத்தெட்டு வருஷம் குனிந்து குனிந்து சம்பாதித்த தலைக்கனம்.

இப்போதைய மேனேஜர் சின்ன வயசுக்காரர். அவர் மேஜையில் கம்ப்யூட்டர் உண்டு, எந்த ஷோவுக்கு எத்தனை சீட் நிரம்பியது என்று அதில் கலர் கலராகக் கோடு ஓடும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை முதல் ஷோ முடிந்ததும் ஹால் கதவுக்கு வந்து, "என்னக்கா?" என்று கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது. தலைமை அலுவலகத்தில் வேறு யோசனை இருந்தது. துப்புரவு வேலை முழுவதையும், மெஷின் வைத்திருக்கும் ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "தரையைக் கூட்ட மெஷின் போதும் சார், தரையைப் படிக்க அக்கா வேணும்" என்று சொல்லிச் சொல்லியே மேனேஜர் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். அக்கா, அவளோடு வேலை செய்யும் நெட்டை, இன்னொருத்தி, ஆக மூன்று வீட்டு அடுப்பும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் எரிந்துகொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் முள்ளம்பன்றி திரும்பி வந்தது.

அது ஒரு கார்ட்டூன் படம். பலூன் விற்கும் முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டு இவன் எதற்கு இந்தத் தொழிலுக்கு வந்தான் என்பதுதான் கதையே. ஒரு பலூனை ஊதிக் கட்டி, பெருமையாகத் திரும்புவான், டப்! ஹாலில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் ஒரு முழம் எகிறும். பாப்கார்னும் கூடவே எகிறும். முதல் படத்தில் பதினேழு பலூன் வெடித்தது. அக்கா படத்தைப் பார்க்கவில்லை, ஆனால் வெளியே கழிப்பறை கழுவிக்கொண்டே எண்ணியிருக்கிறாள். அந்தப் படம் ஓடிய வாரங்களில் தரையில் கால் வைத்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். மூன்று வருஷம் கழித்து இரண்டாவது படம், அப்புறம் நாலு வருஷம் கழித்து மூன்றாவது. மூன்றுக்கும் அவள் சொன்ன ரிசல்ட் ஒன்றுதான்: "ஓடும். என் இடுப்புதான் ஓடாது."

முதல் படம் வந்தபோது மகளுக்கு ஐந்து வயது. கட்டியவன் கைகழுவிவிட்டுப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை. கடைசி வரிசை மூலையில் ஸ்பிரிங் போன சீட் ஒன்று, யாருக்கும் விற்க மாட்டார்கள். அதில் பிள்ளையை உட்கார வைத்து, "எழுந்தா காலை உடைச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளை அதே படத்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் பார்க்கும். மற்றக் குழந்தைகளுக்கு வீட்டில் மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று ஆட்கள் இருந்தார்கள். இவளுக்கு முள்ளம்பன்றி இருந்தான்.

மூன்றாவது படத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, திடுதிப்பென்று நாலாவது வந்தது. வருவதற்கு முன்பே ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். செத்த படத்தைத் தோண்டி எடுக்கிறார்கள், கதைப் பஞ்சம், காசு ஆசை, இப்போதைய குழந்தைக்கு இவன் யாரென்றே தெரியாது. பாப்கார்ன் கடை அண்ணன் மட்டும் பழைய ஞாபகத்தில் ஒரு மூட்டை சோளம் கூடுதலாக வாங்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஷோ. ஹாலில் மூன்றில் ஒரு பங்குதான் ஆள். அக்கா வெளியே கைகழுவும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பலூன் வெடிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. படம் முடியும் நேரத்தில் ஏதோ ஒரே ஒரு தடவை 'டப்' என்றது, கதவு சாத்திய சத்தமாகவும் இருக்கலாம். முடிந்த பிறகும் கூட்டம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தது. துடைப்பத்தோடு கதவில் நின்ற நெட்டை, "தூங்கிட்டாங்க போலக்கா" என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தால் தரை பளிங்கு மாதிரி கிடந்தது. சீட்டுக்குச் சீட்டு நாலைந்து பொரி, அவ்வளவுதான். பாப்கார்ன் டப்பாக்கள் முக்கால்வாசி நிரம்பியபடியே இருந்தன. சின்னப் பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் மெத்தைகள் வாசலில் அடுக்கி வைத்தது வைத்தபடி இருந்தன. குழந்தைப் படத்துக்குக் குழந்தையையே காணோம். இதில் படிக்க என்ன இருக்கிறது? அக்கா கதவுக்கு வந்தாள்.

"என்னக்கா?" என்றார் மேனேஜர்.

"அவுட்."

"தள்ளாடக்கூட செய்யாதா?"

"தம்பி, தரையைக் கூட்டாமலே அடுத்த ஷோவை விடலாம். அவ்வளவு அவுட்."

மேனேஜருக்கு ஒரு விதத்தில் நிம்மதிதான். ஒரு வெட்டுக்குத்துப் படத்தின் விநியோகஸ்தர், திங்கட்கிழமையிலிருந்து பெரிய ஹால் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் முடிவைச் சொல்கிறேன் என்று மேனேஜர் அவருக்குச் சொன்னார். அனேகமாகச் சரி என்றும் சொல்லி வைத்தார். அதைச் சொல்லும்போது அக்காவின் பேரையும் சொன்னார்.

அன்று சாயங்காலம் மகள், "நாளைக்கு மதியத்தோட லேப் முடிஞ்சிடும். படத்துக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு இப்போது இருபத்துநாலு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று பேர்.

"அவுட் படம்டி. காசைக் கரியாக்காத" என்றாள் அக்கா. மகள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் மகள் அப்படியே அம்மா.

சனிக்கிழமையும் தரை அதே கதையைத்தான் சொன்னது. ஆனால் சாமான் அறையில் ஒரு டிராயர் இருந்தது, அது வேறு கதை சொல்ல ஆரம்பித்தது. ஹாலில் யாராவது விட்டுவிட்டுப் போன பொருளை எல்லாம் அதில்தான் போடுவார்கள். எந்த வரிசை, எந்த சீட் என்று ஒரு துண்டுச் சீட்டும் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும், அது அக்கா போட்ட சட்டம். சாதாரணமாக ஒரு வாரத்துக்கு ஒரு குடை, ஒரு கைக்குட்டை தேறும். சனிக்கிழமை மேட்னி முடிந்ததும் அக்கா இழுத்துத் தள்ளினால் டிராயர் மூடவில்லை. என்னடா இது என்று வெளியே எடுத்துப் போட்டாள். மூன்று குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு சாப்பாட்டு டப்பா, அலுவலக அடையாள அட்டைகள் நாலு, ஒற்றைக் கம்மல், பிரித்தே பார்க்காத துணிக்கடைப் பை ஒன்று. போதாததற்கு ஒரு ஜோடி செருப்பு.

"செருப்பை விட்டுட்டு எப்படிடி வீட்டுக்குப் போனான்?" என்றாள் அக்கா.

"அது எப்படியோ போயிட்டான்க்கா. இதையும் போடு" என்று நெட்டை ஒரு சாவியை நீட்டினாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. படம் பிடிக்காதவன் எதையும் மறக்க மாட்டான். இடைவேளையிலிருந்தே பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பான். வந்த வேலையை மறந்து, பசியை மறந்து, தான் யார் என்பதையே கொஞ்ச நேரம் மறந்தவன்தான் குடையை விட்டுவிட்டுப் போவான். இருபத்தெட்டு வருஷமாகத் தரையைப் படித்தவள் டிராயரைப் படிக்காமல் கோட்டை விட்டிருக்கிறாள்.

அப்புறம்தான் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். வளையத்தில் ஒரு சிவப்பு ரப்பர் மூடி கோத்திருந்தது, ரத்தம் எடுக்கும் குழாய்க்குப் போடுகிற மூடி. நெட்டையின் கோணல் எழுத்தில் சீட்டு சொன்னது: கடைசி வரிசை, மூலை சீட். அது அக்காவின் வீட்டுச் சாவி.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது மகள் மாடிப்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒருத்தி எவ்வளவு கம்பீரமாக உட்கார முடியுமோ அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள்.

"சாவி எங்கடி?"

"லேப்ல விட்டுட்டேன் போல."

"உங்க லேப்ல கடைசி வரிசை மூலை சீட்டு இருக்கா?"

அக்கா சாவியை எடுத்து ஆட்டினாள். மகளின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம்தான். அப்புறம் எழுந்து நின்று, "ஆமா, போனேன். இப்ப என்ன?" என்றாள்.

"வராதேன்னு சொன்னேன்ல?"

"நீ சொன்னதுக்கெல்லாம் தியேட்டரே தலையாட்டுது, நானுமா? ஏம்மா, நீ பார்த்தது தரையைத்தானே? அவனைப் பார்த்தியா?"

"பலூன் வெடிச்சா பாப்கார்ன் கொட்டும். கொட்டல. அவுட்டுன்னு சொன்னேன். இதுல என்ன தப்பு?"

"இந்தப் படத்துல பலூன் வெடிக்கவே இல்லம்மா!" மகளின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "அவனுக்கு வயசாயிடுச்சு. முள்ளெல்லாம் கொட்டிப் போச்சு. கடைசியில ஒரே ஒரு பலூன்தான் வெடிக்கும். அப்புறம் எங்கேயிருந்து கொட்டும் உன் பாப்கார்ன்?"

சீட்டுக்குச் சீட்டு நாலைந்து பொரி. எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி, ஒரே அளவு. தனித்தனியாகச் சிந்தினால் அப்படி விழாது. ஹால் முழுக்க ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட்டால்தான் அப்படி விழும். கண்ணால் பார்த்தது, கையால் கூட்டியது, புத்திக்கு ஏறவில்லை.

"சரி, அப்ப குழந்தைங்க ஏன் வரல?" என்று கேட்டாள். கேள்வியில் அவ்வளவு பலம் இல்லை.

"வந்தோமே! பக்கத்து சீட்டுல மீசை வெச்சவன் ஒருத்தன், முதல் சீன்லயே கண்ணைத் துடைச்சுக்கிட்டான். அவனுக்கும் என் வயசுதான் இருக்கும். நாங்க சின்னதுல பார்த்தவங்கம்மா. மெத்தை போடாமலே இப்ப எங்களுக்கு ஸ்கிரீன் தெரியுது, அதான் உனக்கு எங்களைத் தெரியல."

கதவைத் திறந்து உள்ளே போன பிறகும் சண்டை தீரவில்லை. திங்கட்கிழமை படத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மகள் கொதித்துவிட்டாள். போய்ச் சொல்லு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு என்றாள். அக்கா தண்ணீர்ச் சொம்பை ஓங்கி வைத்தாள். சொல்வது சுலபமா? தரையைப் படிக்க அக்கா வேண்டும் என்ற ஒரு வாக்கியம்தான் மெஷினைத் தடுத்து நிறுத்தியிருந்தது. அக்காவே தரையைத் தப்பாகப் படித்தாள் என்று நாளைக்குத் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் போனால், அடுத்த மாசமே கம்பெனிக்காரன் வந்துவிடுவான். அவள் மட்டும் என்றால் பரவாயில்லை. நெட்டைக்கு இரண்டு பிள்ளைகள். இன்னொருத்திக்குப் படுத்த படுக்கையாக மாமியார்.

"அப்ப பயம்தான்" என்றாள் மகள்.

"எனக்கா? எனக்கா பயம்?" அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பயம்தான். அது அவளுக்கே தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குக் காலை ஷோவுக்கு எனக்கு ஒரு டிக்கெட் எடு. பார்க்காம ஒரு தடவை சொல்லித்தான் மாட்டிக்கிட்டேன். இனி பார்த்துட்டுத்தான் பேசுவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தத் தியேட்டரில் அவள் முதல்முறையாக டிக்கெட்டோடு உள்ளே நுழைந்தாள். டிக்கெட் கிழிப்பவர், ஆள் தெரியாமல் ஒரு நொடி மலைத்துவிட்டு அப்புறம் சிரித்தார். "சிரிக்காத, கிழி" என்றாள். பாப்கார்ன் கடை அண்ணன் சும்மா ஒரு டப்பா நீட்டினார். மிஞ்சிக் கிடந்த சோளத்தைப் பற்றி அவருக்குப் பேச நிறைய இருந்தது, அக்கா நிற்கவில்லை. மகள் மூலை சீட்டில் உட்கார, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து குத்தியது. பதினான்கு சாவி, எல்லாக் கதவும் அதில்தான். காய்ச்சலில் விழுந்தபோதுகூட அதை யாரிடமும் கொடுக்காமல், காலையும் மாலையும் தானே போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்து பூட்டிவிட்டுப் போனவள். கொத்தை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது.

முள்ளம்பன்றி கண்ணாடிமுன் நின்றுகொண்டிருந்தான். படுக்கையில் உதிர்ந்து கிடந்த முட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பசை தடவி, முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தான். எட்டாத இடத்தில் ஒட்ட முடியாமல் வட்டம் சுற்றினான். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், அப்புறம் நிறுத்திக்கொண்டாள்.

அவன் கையில் இப்போது ஒரு பலூனும் வெடிப்பதில்லை. வாழ்நாள் பூராவும் அதற்குத்தான் ஆசைப்பட்டான். இப்போது எத்தனை பலூன் கட்டினாலும் அத்தனையும் முழுசாக நிற்கின்றன, ஆனால் வாங்க ஆள் வரவில்லை. வெடிக்காத பலூன் எந்தக் கடையிலும்தான் கிடைக்கும். அதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல், தினமும் காலையில் முள்ளை ஒட்டிக்கொண்டு, பழைய ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவுக்குப் போகிறான். நடக்க நடக்க முள் உதிர்கிறது. யாரும் பார்க்காதபோது குனிந்து பொறுக்கிக்கொள்கிறான்.

"அடேய், ஒட்டாதடா, விடுடா" என்று அக்கா வாய்விட்டே சொன்னாள். முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். திரும்பிக்கொள் என்று அவனையும் அதட்டினாள். அந்தப் பன்றி செய்கிற காரியத்தைத்தான் நேற்றிலிருந்து அவளும் செய்துகொண்டிருந்தாள்.

கடைசியில் அவன் கடைக்கு ஒரு சின்னப் பெண் வருவாள். "வெடிக்கிற மாமா நீங்கதானே? எங்க அப்பா சொல்லியிருக்கார்" என்று கேட்டு, காத்து நிற்பாள். அவன் ஒட்டு முள்ளையெல்லாம் உதறிவிடுவான். வாலுக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மிச்சம், சொந்த முள். மெதுவாகத் திரும்புவான். ஹாலில் மூச்சுச் சத்தமே இல்லை.

டப்!

ஹால் மொத்தமும் எகிறியது. அக்காவும் எகிறினாள். டப்பாவிலிருந்து நாலைந்து பொரி தரையில் விழுந்தது. விளக்கு வந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மகள்தான் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது. வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால்.

சாமான் அறை திறந்தே கிடந்தது. டிராயரை அப்படியே உருவினாள். மேனேஜர் அறைக்குப் போய், கம்ப்யூட்டருக்கு முன்னால் அவர் மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு குடை உருண்டு கீழே விழுந்தது.

"என்னக்கா இது?"

"ரிசல்ட். படத்துல தன்னையே மறந்தவங்க விட்டுட்டுப் போனது. நான் வெள்ளிக்கிழமை சொன்னது தப்பு. படம் ஓடும்."

மேனேஜர் செருப்பைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அக்கா, உங்க வார்த்தையை நம்பித்தானே நான் அவர்கிட்ட பேசினேன்? நேத்து பாதி ஹால். இன்னைக்குக் கொஞ்சம் மேல. மறதிக்காரங்க நாலு பேர் வந்திருப்பாங்க, அதை வெச்சு நான் பெரிய ஹாலைக் குடுக்க முடியுமா?"

"நேத்து பாதி, இன்னைக்கு அதுக்கு மேல. பார்த்தவன் போய் இன்னொருத்தனை அனுப்பறான் தம்பி. நாளைக்குத் தூக்கிட்டா அவன் வந்து பூட்டின கதவைத்தான் பார்ப்பான்."

"சரி. தலைமை அலுவலகத்துல கேட்டா நான் என்ன சொல்ல? தரையைப் படிக்கிற அக்கா தப்பாப் படிச்சிட்டாங்கன்னா? அவங்க எதுக்குக் காத்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? பேசாம இருந்தா உங்களுக்கு நல்லதுக்கா. நான் உங்களுக்காகச் சொல்றேன்."

அவர் நல்லவர்தான். அவளுக்காகத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது.

"அப்படியே எழுதுங்க. அக்கா தப்பாச் சொன்னா, அவளே வந்து ஒத்துக்கிட்டான்னு எழுதுங்க. மெஷின் வந்தா வரட்டும், அதை அன்னைக்குப் பார்த்துக்கலாம், அதுகிட்டயும் சண்டை போடுவேன். ஆனா என் வேலையைக் காப்பாத்திக்க ஒரு நல்ல படத்தை அவுட்டுன்னு சொல்லிட்டுத் திரிய மாட்டேன். குனியறது தரைக்கு மட்டும்தான் தம்பி."

மேனேஜர் உருண்டு விழுந்த குடையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருடைய போன் அடித்தது. ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது, விநியோகஸ்தருக்குப் பொறுமை இல்லை. அவர் போனைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து நெட்டை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, டிராயரை எங்க கொண்டு போன? இன்னொண்ணு கிடைச்சிருக்கு. எவளோ கொத்தோட விட்டுட்டுப் போயிட்டா, இத்தனை சாவியைத் தொலைச்சவ எப்படித்தான் வீடு..." நெட்டை நிறுத்தினாள். கையில் இருந்ததை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "அக்கா, இது உன்னோடதாச்சே."

அக்காவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். நெட்டை கையிலிருந்து கொத்தை வாங்கினார். கட்டியிருந்த சீட்டைப் படித்தார்: கடைசி வரிசை, மூலைக்குப் பக்கத்து சீட். காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவளை அவர் தன் கண்ணால் பார்த்தவர். கொத்தை மேஜைமேல், குடைக்கும் செருப்புக்கும் நடுவில் வைத்தார். அடித்துக்கொண்டே இருந்த போனைக் காதில் வைத்தார்.

"சார், பெரிய ஹால் இப்ப கிடையாது... இல்ல சார், யோசிச்சுத்தான் சொல்றேன்... ஆமா, அந்தக் கார்ட்டூன்தான்... இல்ல சார், இப்பதான் ரிசல்ட் வந்துச்சு."

படம் பெரிய ஹாலில் ஒன்பது வாரம் ஓடியது. இரண்டாவது வாரத்திலிருந்து அந்த மீசைக்காரர்களும் அவர்கள் வயதுப் பெண்களும் அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை என்று யார் வீட்டுக் குழந்தையையாவது இழுத்துக்கொண்டு வந்தார்கள். மெத்தைகள் நாற்பதும் போதவில்லை. பாப்கார்ன் கடை அண்ணனின் மூட்டை தீர்ந்தது, விற்ற டப்பாக்கள் தின்னாமல் நிரம்பியபடியே குப்பைக்குப் போவதை நினைத்து மட்டும் அவர் புலம்பினார். மேனேஜர் நடந்ததை நடந்தபடி தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். மெஷின் கம்பெனியிலிருந்து ஒருவன் வந்து ஹாலை நீளம் அகலம் அளந்துகொண்டு போனான். அவனுக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அக்காதான். "உன் மெஷின் சாவிக்கொத்தை எடுத்துக் குடுக்குமா, இல்ல முழுங்கிடுமா?" என்று கேட்டாள். அவன் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான். இதுவரை சொல்லவில்லை.

ஒன்பதாவது வாரக் கடைசி நாள், மகள் நாலாவது தரமாகப் படத்துக்கு வந்தாள். அக்கா கதவில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"சாவியைக் குடுத்துட்டு உள்ள போ."

"நீ முதல்ல உன்னோடதைக் குடு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். விளக்கு அணைய மணி அடித்துவிட்டது. நெட்டை கையை நீட்டி, சிவப்பு மூடிச் சாவியையும் பதினான்கு சாவிக் கொத்தையும் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மாவும் மகளும் கடைசி வரிசைக்குப் போனார்கள்.